சோளகத்தில் தட்டும் எஞ்சின்

நாரந்தனைச் சந்திக்கு அருகே இருக்கும் அந்தக் கராஜுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் துஷ்யந்தனிடம்தான் போவார்கள். கார் எங்கே தட்டுகிறது, எப்போது சூடேறுகிறது என்று ஒன்றும் விடாமல் சொல்வார்கள். அவன் கையிலிருக்கும் ரயரைக் கீழே வைக்காமல் முழுவதையும் கேட்பான். கடைசியில், "எனக்கு ரயர் மட்டும்தான் தெரியும். எஞ்சினெண்டால் அவவிட்டைச் சொல்லுங்கோ" என்று, காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களைக் காட்டுவான். அந்தக் கால்கள் அவன் மனைவி சுலோஜனாவுடையவை.

சுலோஜனாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பிறந்த ஊர் புளியங்கூடல். எட்டு வயதில் குடும்பம் இடம்பெயர்ந்தது. வவுனியாவில் படித்தாள். பிறகு வத்தளையில் ஒரு பெரிய கராஜில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலை கிடைத்தது. எஞ்சினுக்குள் இருக்கும் கணினியை வாசிக்கிற ஸ்கானர் கருவி அங்கே வந்தபோது அதனோடு நானூறு பக்க ஆங்கிலப் புத்தகமும் வந்தது. மெக்கானிக்குகளுக்கு அதைப் புரட்டப் பொறுமையில்லை. அவளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். அவள் வாசித்துச் சொன்னாள், அவர்கள் செய்தார்கள். நான்கு வருடங்களில் அவர்களுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு தொலைபேசியை யார் எடுத்தார்கள் என்று அவளுக்கு நினைவில்லை.

கரம்பொன்னைச் சேர்ந்த துஷ்யந்தனைக் கட்டி, பத்து வருடங்களுக்கு முன் தீவுக்குத் திரும்பினாள். கராஜின் இரட்டை இரும்புக் கதவுகளுக்குக் கறுப்பு வர்ணம் அடித்தாள். ஒரு கார் வந்தால், அதன் வருத்தம், அதாவது கோளாறு, எதுவாக இருக்கலாம் என்று ஊகித்து அவள் எதையும் மாற்றுவதில்லை. எது இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இடது கதவில் வெண்கட்டியால் எழுதிக்கொண்டு வருவாள். எழுத ஒன்றும் மிஞ்சாதபோது மிஞ்சியிருப்பதுதான் வருத்தம்.

ஆனால் தீவுகளில் அவள் பெயர் பரவியது எஞ்சினால் அல்ல, ஒரு வலையால். சோளகக் காற்றுக் காலத்தில் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் கடலுக்குள்ளால் போகும் தாம்போதி வீதியில் ஓடுகிற வாகனங்களின் முகத்தில் கடல் தெறிக்கும். றேடியேற்றர்கள் இரண்டு வருடத்தில் உப்பரித்து ஓட்டையாகிவிடும். சுலோஜனா கம்பிச் சட்டத்தில் கொசு நுழையாத நுளம்பு வலையை இறுக்கிக் கட்டி, முன்பக்கக் கிராதிக்குப் பின்னால் பொருத்திக் கொடுத்தாள். றேடியேற்றர்கள் பிழைத்தன. இருபத்தாறு வாகனங்களுக்குப் பூட்டிவிட்டாள். ஊரில் அதற்குச் சுலோ வலை என்றே பெயர்.

ஆவணி மாதத்து ஒரு புதன்கிழமை பின்னேரம், குருபரன் தன் சிவப்புக் காரைக் கராஜுக்குள் விட்டார். நயினாதீவில் பூசை செய்யும் குடும்பம். தம்பிமார் கோயிலில் நிற்க, இவர் மட்டும் கார் ஓட்டப் போனவர். ஆனாலும் ஊர் அவரை ஐயா என்றுதான் கூப்பிடும். தீவுக்குள் கார் போகாது என்பதால் அது குறிகட்டுவான் இறங்குதுறையில் கடலோரமாக நிற்கும். அவர் படகில் வந்து எடுத்து ஓட்டுவார். மூன்று சிலிண்டர் எஞ்சின். சின்னது என்றாலும் டேர்போ இருக்கிறது. எஞ்சின் குடிக்கும் காற்றை அழுத்தித் திணிக்கிற அந்தச் சுழலியால், சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும்.

பின் ஆசனத்தில் அவருடைய அக்கா பத்மாசனி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. திங்கள், புதன், வெள்ளி, கிழமைக்கு மூன்று நாள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கவேண்டும். வேலணையில் இன்னும் இரண்டு நோயாளிகள் அதே காரில் ஏறுவார்கள்.

"ரவுணிலை காட்டினனான்" என்றார் குருபரன். "எஞ்சின் முடிஞ்சுதாம். உள்ளுக்கை பெயாரிங் தேஞ்சு தட்டுதாம். டேர்போவும் சரியில்லையாம். வேறை எஞ்சின் இறக்க ஒண்டரை மாசம் செல்லுமாம். அதுவரைக்கும் ஓட்டினால் எந்த நேரமும் பாலத்திலை உடைஞ்சு நிக்குமாம்."

"வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்யப்போறியள்?"

"அதுதான் உன்னட்டை வந்தனான், பிள்ளை."

பத்மாசனி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பஸ்ஸிலை போவம் எண்டு சொன்னவன். பஸ்ஸிலை ஏத்தினால் நான் நேரே கீரிமலைக்குத்தான். பேந்து நீங்கள் சாம்பலைக் கரைச்சுப்போட்டு வாங்கோ."

"அக்கா, கொஞ்சம் சும்மா இருங்கோவன்."

"சும்மாதானே இருக்கிறன். தட்டுறது உன்ரை கார்."

சுலோஜனா சிரிக்கவில்லை. எஞ்சினை இயக்கி, நீளமான திருகாணி முடுக்கியின் நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டாள். சத்தம் இல்லை. துஷ்யந்தனை மிதிக்கச் சொன்னாள். எஞ்சின் வேகம் ஏறியது. அப்போதும் இல்லை.

"எப்ப தட்டுது, ஐயா?"

"காலமை போகேக்கை ஒரு சத்தமும் இல்லை. வரேக்கைதான். பண்ணைப் பாலத்திலை ஏறினவுடனை தொடங்கும். இழுவையும் இல்லை. சைக்கிள்காரன் வெட்டிக்கொண்டு போறான்."

"வரேக்கை ஆக்கள் கூடவோ?"

"இல்லை. அதே நாலு பேர்தான்."

"பெயாரிங் தேஞ்சால் போகேக்கையும் தட்டும், வரேக்கையும் தட்டும்" என்றாள் அவள். "அது வழி பாத்துத் தட்டாது. வேறை என்ன?"

குருபரன் யோசித்தார். "ஒண்டுமில்லை. பொனற்றுக்குள்ளை ஃபான் எந்த நேரமும் ஓடுது. வெயில்தானே."

அவள் தலையாட்டினாள். வெயில்தான். அதைக் கதவில் எழுதவில்லை.

"நாளைக்குப் பொழுதுபடுறதுக்கிடையிலை சொல்லுறன். ஓடும் எண்டால் ஓடும். ஏலாது எண்டால், உங்களை ஏத்தச் சொல்லமாட்டன்."

துஷ்யந்தன் தன் ஓட்டோவில் அவர்களைக் குறிகட்டுவானுக்குக் கொண்டுபோனான். சுலோஜனா காருக்கு அடியில் நுழைந்தாள்.

முதலில் ஒயிலை வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். காந்தத்தால் துழாவினாள். ஒயில் வடிகட்டியை இரும்பு அறுக்கும் வாளால் அறுத்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்தாள். பெயாரிங் தேய்ந்திருந்தால் உலோகத்தூள் மினுங்கவேண்டும். ஒன்றும் மினுங்கவில்லை. எழுந்து போய்க் கதவில் எழுதினாள்: பெயாரிங் இல்லை. மூன்று சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தாள். மூன்றும் ஒன்றுக்கொன்று சமம். அதையும் எழுதினாள்.

பிளக்குகளைக் கழற்றியபோதுதான் நின்றாள். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் நுண்ணிய புள்ளிகள். கண்ணாடி வைத்துப் பார்த்தாள். சில கறுப்பு, சில சாம்பல் நிறத்தில் மினுங்கின. மினுங்கியது பிஸ்டனின் அலுமினியம்.

அப்படியென்றால் சத்தம் பொய்யில்லை. இரும்பு இரும்போடு தட்டவில்லை. பெற்றோல், பிளக்கின் நெருப்பு வந்து சேர்வதற்கு முன்பே, சூடு தாங்காமல் தானாக வெடிக்கிறது. ஏறிவருகிற பிஸ்டனின் தலையில் அந்த வெடி அடிக்கிறது. நகரத்துக் கராஜ் சொன்ன காரணம் பிழை; எஞ்சின் உடையும் என்று சொன்னது பிழையில்லை. இப்படியே ஓடினால் பிஸ்டன் ஒருநாள் ஓட்டையாகும். அது திங்களா, வெள்ளியா, பாலத்திலா, வீதியிலா என்று யாரும் சொல்லமுடியாது.

வியாழக்கிழமை விடியவே தொடங்கினாள். பெற்றோல் மட்டமாக இருந்தாலும் இப்படி வெடிக்கும். தாங்கியை முழுதாக வடித்து, நல்ல பெற்றோல் ஊற்றினாள். அடுத்தது காற்றுக் குழாய்கள். டேர்போ அழுத்துகிற காற்று எங்கேனும் கசிந்தால் இழுவை குறையும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கராஜ்களில் புகை இயந்திரம் இருக்கும். இவளிடம் இருப்பது ஒரு பால்மாத் தகரப்பேணி, சிரட்டைக் கரி, சாம்பிராணி, கால்பம்பு. குழாயைத் தனியாகக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுவந்து, ஒரு வாயை அடைத்து, மறுவாயால் புகையை அடித்தாள்.

"ஐயாவின்ரை கார் எண்டவுடனை சாம்பிராணியும் போடுறீர்" என்றான் துஷ்யந்தன். "மணியையும் ஆட்டட்டோ?"

"உங்கடை வாயை இந்தக் குழாயிலை வைச்சு ஊதுங்கோ. பம்பு மிச்சம்."

புகை எங்கும் கசியவில்லை. எழுதினாள். டேர்போவின் இதழ்களை விரலால் சுழற்றினாள், ஆட்டமில்லாமல் சுழன்றன. மிஞ்சிய அழுத்தத்தை வெளியே விடுகிற கதவைக் காற்றடித்துப் பார்த்தாள். நேராகத் திறந்து நேராக மூடியது. இரண்டையும் எழுதினாள். பத்து மணிக்கு இடது கதவு நிறைந்துவிட்டது.

"மற்றக் கதவையும் சாத்தட்டோ?"

"இல்லை. கார்ச் சாவியை எடுங்கோ. ஓட்டிப் பாக்கவேணும்."

நிற்கிற எஞ்சின் தட்டாது. பாரத்தோடு மேட்டில் இழுக்கவேண்டும். ஆனால் இந்தத் தீவுகளில் மேடு கிடையாது. புளியங்கூடலிலிருந்து புங்குடுதீவு வரைக்கும் நிலம் பாய் விரித்ததுபோல் கிடக்கிறது. சுலோஜனா முற்றத்தில் நின்றாள். பனையோலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து இரைந்துகொண்டிருந்தன. தென்மேற்கிலிருந்து சோளகம்.

பண்ணைப் பாலம் யாழ்ப்பாணத்திலிருந்து தென்மேற்காகத் தீவுகளுக்கு வருகிறது. காலையில் போகும்போது கார் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. பின்னேரம் திரும்பும்போது காற்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டு வருகிறது. காற்றுதான் இங்கே மேடு.

நான்கு சீமெந்துப் பைகளைப் பின்னால் ஏற்றினார்கள். துஷ்யந்தன் ஓட்ட, அவள் ஸ்கானரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். புங்குடுதீவுத் தாம்போதியில் காற்று கதவுகளை உதைத்தது. இடதுபுறம் கடல் கல்லில் அடித்து வீதிக்குத் தெறித்தது.

"மிதியுங்கோ."

"மிதிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

தொடங்கியது. பேணிக்குள் பயறைப் போட்டுக் குலுக்கினால் வருகிற சத்தம். அவள் திரையைப் பார்த்தாள். டேர்போவின் அழுத்தம் இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. ஆனால் கணினி கேட்பதே அவ்வளவைத்தான். டேர்போ களைக்கவில்லை. வெடிப்பைக் கேட்டுப் பயந்த கணினி, காற்றைத் தானே குறைத்து வைத்திருக்கிறது. தட்டுவதும் இழுவையில்லாததும் இரண்டு வருத்தங்கள் அல்ல. முதலாவதற்குப் பயந்து வந்தது இரண்டாவது.

அப்படியானால் சூடு எங்கிருந்து வருகிறது? விரலால் திரையைத் தள்ளிக்கொண்டு போனாள். எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் வெப்பம்: எண்பத்தாறு.

"நிப்பாட்டுங்கோ."

"இஞ்சையோ? கடல் அடிக்குது."

"இஞ்சைதான். எஞ்சினை நிப்பாட்டவேண்டாம்."

வெளியே முப்பத்திரண்டு பாகை. அழுத்தும்போது காற்று சுடும் என்பது அவளுக்குத் தெரியும். அதைக் குளிர்த்தத்தான் காரின் முகத்திலே, றேடியேற்றருக்கு முன்னால், இன்ரகூலர் என்ற தகட்டுப்பெட்டி இருக்கிறது. அதற்கென்று ஃபான் கிடையாது. எதிர்க்காற்றுதான் அதைக் குளிர்த்தவேண்டும். பொனற்றைத் திறந்து, அந்தப் பெட்டிக்குள் போகும் குழாயைத் தொட்டாள். சுட்டது. வெளியே வரும் குழாயைத் தொட்டாள். அதுவும் அதேயளவு சுட்டது. விரல்களை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு காற்று முகத்தில் அறைகிறபோது அந்தப் பெட்டி ஏன் குளிரவில்லை?

காரின் முன்னால் போய்க் குந்தினாள். கிராதிக்குப் பின்னால் அவளுடைய வலை.

அது வலையாக இல்லை. அப்பளம்போல் வெள்ளையாக இறுகிப்போயிருந்தது. தட்டிப் பார்த்தாள், பொருக்கு உதிர்ந்தது. நாக்கில் வைத்தாள். உப்பு. கையை நுழைத்து அதன் பின்புறம் பிடித்தாள். சேலைத் தலைப்பென்றால் கடலுக்குப் பறந்துவிடும் அந்தக் காற்றில், அவள் உள்ளங்கையில் ஒரு மூச்சுக்கூடப் படவில்லை.

மார்கழியில் அவளே பூட்டியது. இறங்குதுறையில் இரவும் பகலும் நிற்கும் கார் என்று இரண்டு மடிப்பாகப் போட்டாள். மற்றக் கார்களில் பின்னாலிருக்கும் ஃபான் வலைக்குள்ளாலும் காற்றை இழுத்துக்கொள்ளும். இதிலும் இன்ரகூலரைச் சுற்றி ஓரங்களால் றேடியேற்றருக்கு இழுத்தது, அதனால்தான் எந்த நேரமும் ஓடியது, அதனால்தான் எஞ்சின் தண்ணீர் கொதிக்கவில்லை. குருபரன் சொன்னார். அவள் கதவில் எழுதவில்லை.

"கிழமைக்கொருக்கால் கழுவுங்கோ எண்டு சொன்னனான்" என்றாள். "கழுவாமல் விட்டிட்டார்போலை."

"ஐயாவோ?" துஷ்யந்தன் தலையை வெளியே நீட்டினான். "ஒவ்வொரு ஞாயிறும் இறங்குதுறைக் கிணத்திலை அள்ளி அள்ளி வார்ப்பார். நானே கண்டனான்."

"எந்தக் கிணறு?"

அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் அந்தக் கிணறு தெரியும். அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி வைத்தால் திரையும். குடிக்கிற தண்ணீருக்கு எல்லாரும் பவுசர் லொறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முப்பத்தைந்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மனிதர் உப்பைக் கழுவுகிறேன் என்று உவர்த்தண்ணீரை வார்த்துக் காயவிட்டிருக்கிறார். கழுவச் சொன்ன அவளோ, எந்தத் தண்ணீரில் என்று சொல்லவில்லை. புளியங்கூடலில் பிறந்தவள்.

இடுப்பிலிருந்த கத்தரியால் வலையைப் பிடித்திருந்த எட்டுக் கட்டுகளையும் வெட்டினாள். வலையைச் சட்டத்தோடு இழுத்துக் காருக்குள் போட்டாள்.

"இனி மிதியுங்கோ."

ஐம்பத்தொன்று. நாற்பத்தெட்டு. நாற்பத்தைந்து. சத்தம் இல்லை. கார் ஒருமுறை தயங்கி, பிறகு சீமெந்துப் பைகள் பின்னால் சரியும்படி இழுத்தது. துஷ்யந்தன் ஊளையிட்டான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கண்டுபிடிச்சாச்செல்லே. முகத்தை ஏன் இப்பிடி வைச்சிருக்கிறீர்?"

"அந்தப் புள்ளியள்."

கராஜுக்குத் திரும்பிப் புதுப் பிளக்குகள் போட்டாள். மறுபடி தாம்போதி. காற்றுக்கு எதிராக முழு மிதியில் ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். திரும்பி வந்து மூன்றாவது பிளக்கைக் கழற்றினாள். கண்ணாடியை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பீங்கான் சுத்தமாக இருந்தது. சிலிண்டருக்குள் சின்னக் கமெராவை விட்டாள். பிஸ்டனின் தலையில் ஓர் ஓரம் மட்டும் சொரசொரத்திருந்தது. வெடிப்போ ஓட்டையோ இல்லை. அழுத்தத்தைத் திரும்ப அளந்தாள். நேற்றைய அளவுதான். எல்லாம் முடிய நாலு மணி.

குருபரன் மூன்றரைப் படகில் வந்துகொண்டிருந்தார்.

"ஒண்டு சொல்லட்டோ" என்றான் துஷ்யந்தன். "வலையை எறிஞ்சுபோட்டுப் பிளக்கிலைதான் பிழையெண்டு சொல்லும். பிளக்கும் மாத்தினதுதானே. இருபத்தாறு வாகனத்துக்குப் பூட்டியிருக்கிறீர். நாளைக்கு ஊரெல்லாம் கதை வரும்."

"வரட்டும்."

"ரவுண்காரன் என்ன சொல்லுவான் எண்டு யோசியும்."

"நாளைக்கு அந்தக் காரிலை ஏறுறது ரவுண்காரன் இல்லை. பிளக்கிலை பிழையெண்டு நம்பினால், ஐயா என்ன செய்வார்? வேறை ஒருத்தனைக்கொண்டு புது வலை பூட்டுவிப்பார். அவர் உப்புக்குப் பயந்த மனிசன்."

துஷ்யந்தன் வலையை எடுத்து மேசையில் வைத்தான், வருகிறவர் கண்ணில் படும்படி.

குருபரன் வந்ததும் அவள் அதை அவர் கையில் கொடுத்தாள். "இதாலைதான் தட்டினது, ஐயா. நான் பூட்டினது. டேர்போ காருக்கு இதைப் பூட்டியிருக்கக்கூடாது. யோசிக்கேல்லை. என்ரை பிழை."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் ஒழுங்காக் கழுவினனான், பிள்ளை."

"ஓம், தெரியும். அந்தத் தண்ணியிலைதான் உப்பு."

அவருக்கு விளங்கச் சற்று நேரம் சென்றது. விளங்கியதும் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவர் வலையை மேசையில் வைத்துவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்தார். "ஓடுமோ? அதைச் சொல்லு."

"ஓடும். பிஸ்டனிலை சின்னக் காயம் இருக்கு. இனித் தட்டாட்டில் அது பெரிசாகாது. நாளைக்கு நானும் வாறன். வரேக்கை பண்ணைப் பாலத்திலை கார் ஒருக்காத் தட்டினாலும் இறங்கி நிண்டு வேறை வாகனம் பிடிப்பம்."

"ஆக்கள் கூடினால் பாரம் கூடுமே."

"கூடட்டும். அப்பதான் தெரியும்."

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்டார்கள். வேலணைக்காரர் இருவரும் பத்மாசனியும் பின்னால். கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு பத்மாசனி கேட்டார்: "வடிகட்டி அடைச்சுப்போச்சுதாம், அதாலைதான் கார் இழுக்கேல்லையாம் எண்டு இவன் சொல்லுறான். உண்மையோ, பிள்ளை?"

"ஓம், அம்மா. நான் பூட்டின வடிகட்டிதான்."

"என்ரை ரெண்டு குண்டிக்காய்க்கும் உதே வருத்தம்தான். உனக்கென்ன, வெட்டி எறிஞ்சுபோட்டாய்."

வேலணைக்காரர் ஒருவர் சிரித்து, சிரித்ததற்காக இருமினார். கார் கோட்டையைக் கடந்து பண்ணைப் பாலத்தில் ஏறியது. காற்று முகத்தில் அடித்தது. குருபரனின் கைகள் சுக்கானில் இறுகின. சுலோஜனா யன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி, ஒரு காதை வெளியே கொடுத்தாள். திரையில் நாற்பத்தேழு. கடல், காற்று, ரயர். நாற்பத்தேழு. சைக்கிள்காரன் ஒருவன் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தான்; அவனை வெட்டிக்கொண்டு போனார்கள். பயறு குலுங்கவில்லை. மண்டைதீவுச் சந்தி வந்தபோது பத்மாசனி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

குறிகட்டுவானில் அக்காவையும் தம்பியையும் படகில் ஏற்றிவிட்டு, சுலோஜனா இறங்குதுறையில் நின்றாள். துஷ்யந்தனின் ஓட்டோ வர இன்னும் நேரமிருந்தது. இருபத்தாறில் டேர்போ உள்ளவை இன்னும் மூன்று. ஒன்று ஊர்காவற்றுறையில், ஒன்று கரம்பொன்னில். மூன்றாவது, ஐஸில் வைத்த மீன் ஏற்றும் வெள்ளை வான், இருபது அடி தள்ளி நின்றது. அதன் சொந்தக்காரர் றொபேட் கதவில் சாய்ந்து கச்சான் கொட்டை தின்றுகொண்டிருந்தார்.

"வான் எப்பிடி, றொபேட் அண்ணை? தட்டுறதோ?"

"ஒரு குறையும் இல்லை, தங்கச்சி. உன்ரை வலைக்குப் பிறகு றேடியேற்றரைத் திரும்பிப் பாக்கேல்லை."

"எந்தத் தண்ணியிலை கழுவுறனீங்கள்?"

அவர் கச்சான் கோதை ஊதிவிட்டு, இறங்குதுறைக் கிணற்றின் பக்கம் தாடையைக் காட்டினார்.

சுலோஜனா இடுப்பிலிருந்த கத்தரியை எடுத்தாள். "பொனற்றைத் திறவுங்கோ" என்றாள். "உங்களுக்கு ஒரு பிழை செய்துபோட்டன்."